சமையலறைச் சாவி

கெமி நகரில் அன்று பகல் மூன்று மணிநேரம்தான்.
அதில் ஒன்றைப்
புது இயக்குநர் ஹன்னெலே கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டார்.
திரையில் ஒரு சூரியன், அதன் கீழே:
அவரவர் விழிக்கும் நேரமே காலை.
இனி ஏழு மணிக்கு யாரையும் எழுப்பக் கூடாது.

தலையாட்டினோம்.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது,
ஆனாலும் நன்றாகவே ஆட்டுவோம்.
போன வருடம் வண்ண அட்டைகளுக்கு ஆட்டினோம்.
அவை இப்போது துணிக்கிடங்கில்
கையுறைப் பெட்டி சரியாமல் முட்டுக்கொடுக்கின்றன.

"கேள்விகள்?" என்றார்.
பீர்க்கோ ஜன்னலைப் பார்த்தாள்.
மஹாத் தன் காலணியைப் பார்த்தான்.
பதினெட்டு வருடமாய் இரவுப் பணி செய்யும் சைமி
ஏதோ சொல்ல வாய் திறந்து
கொட்டாவியாக முடித்துக்கொண்டாள்.

மூன்று வாரம். ஒன்றும் மாறவில்லை.
ஏழுக்கே விளக்கு, ஏழேகாலுக்கே காலுறை.
நினைவூட்டல் கடிதம் வரும் என்று காத்திருந்தோம்.
ஒரு செவ்வாய் இரவு, பனி அப்பிய பூட்ஸோடு
அவரே வந்து நின்றார்:
"நான் எங்கே நிற்கட்டும்?"

பதினொன்றாம் அறைக்கு அனுப்பினாள் சைமி.
ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்ற அவருக்குத் தெரியவில்லை.
இரண்டாம் முறை தெரிந்தது.

நாலரைக்கு எய்னோ எழுந்துவிட்டார்.
பனியுடைக்கும் கப்பலில் நாற்பது வருடம் எஞ்சின் பார்த்தவர்;
அவர் உடம்புக்குள் ஷிப்ட் மணி இன்னும் அடிக்கிறது.
"கஞ்சி," என்றார்.
ஹன்னெலே சமையலறைக்கு ஓடினார்.
பூட்டு.

"சாவி சமையல்காரரிடம். ஆறே முக்காலுக்கு வருவார்," என்றாள் சைமி.
"அதனால் இவரைத் தட்டிக்கொடுத்துப் படுக்க வைப்போம்.
ஏழுக்கு எழுப்புவோம்."
கோபமில்லை. வானிலை சொல்வதுபோல.

"கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை?"
"சூரியன் ரொம்பப் பிரகாசமாக இருந்தது."

எய்னோவுக்கு அன்று கிடைத்தது
சைமியின் டப்பாவிலிருந்து பாதி ரொட்டி,
மஹாத்தின் ஃபிளாஸ்கிலிருந்து ஏலக்காய் மணக்கும் தேநீர்.

மறுநாளே சாவி வெட்டித் தந்திருந்தால்
கதையாக முடிந்திருக்கும்.
காப்பீட்டுக்காரர், தீயணைப்பு விதி, சமையல்காரரின் முகம்:
ஐந்து வாரம் ஆனது.
இன்னும் மூன்று பேரை ஏழுக்குத்தான் எழுப்புகிறோம்.
பீர்க்கோ இன்னும் ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.

ஆனால் சாவி
எங்கள் ஆணியில் தொங்குகிறது.
நாலரைக்குக் கஞ்சி கொதிக்கையில்
அடுத்த அறையிலும் யாரோ
செருப்பைத் தேடும் சத்தம்.