ஈரப்பதம்

மேலராஜ வீதியில் வாங்கிய பென்சில்,
பத்து ரூபாய்க்கு இரண்டு.
கூடவே ஒரு பிளேடு, ஒரு ரப்பர்,
நாற்பது பக்க நோட்டு.
"பிள்ளைக்கா?" என்றார் கடைக்காரர்.
ஆமென்று தலையாட்டினேன்.
எனக்கென்று சொல்ல ஏனோ கூசியது.

நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர்.
எழுத்தர் என்பது பெயரில் மட்டும்தான்,
எல்லாம் கருவியில் தட்டுவது.
ஆதார் எண், சிட்டா எண், மூட்டைக் கணக்கு.
சர்வர் சுற்றும், சுற்றும்,
பாமணியாற்றுப் பக்கம் வானம் இருட்டும்.

கைபேசியில் பதினோரு குழுக்கள்.
மண்டல அலுவலகம் ஒன்று, சாக்கு வரத்து ஒன்று,
லாரிக்கு ஒன்று, அக்கா மகள் சீமந்தத்துக்கு ஒன்று.
போன குறுவையில் அதில்தான்
ஒரு கதையைத் தொடங்கியிருந்தேன்.
முதல் வரி முடியுமுன்
'இன்றைய இருப்பு அனுப்பவும்' வரும்.
அனுப்பிவிட்டுத் திரும்பினால்
கதையில் நின்றிருந்தவள் போயிருப்பாள்.
எந்தப் பக்கம் போனாளென்று
கேட்கவும் ஆளில்லை.

தூசி வேறு.
களம் முழுக்கப் பதர் பறக்கும் மதியத்தில்
விரல் வைத்தால் திரைக்குத் தெரிவதில்லை
நான் ஆளா, சுணையா என்று.
பென்சிலுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது.

சர்வர் படுத்துவிட்ட ஒரு நாள்
அடைக்கலம் அண்ணன் என் கைபேசியை
எடைமேடையில் தூக்கி வைத்தார், விளையாட்டுக்கு.
இருநூறு கிராம்.
அப்புறம் நோட்டை வைத்தார்.
எண் அசையவேயில்லை.
"காலியா இருக்கும்மா, ஒண்ணும் ஏறல."

அன்றிலிருந்து கைபேசி சாக்குக் கட்டுக்குள்.
யாராவது அழைத்தால் சணல் உறுமும்.
இரண்டாவது உறுமலுக்கு எழுந்து போவேன்.
முதலாவதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பேனாவிலும் முயன்றதுண்டு.
ஐப்பசிக் காகிதம் மையைக் குடித்துப்
பின்பக்கம் போய்த் துப்பியது.
ஈரம் பார்க்கும் கருவியின் கிண்ணத்தில்
ஒரு தாளைக் கிழித்துப் போட்டுப் பார்த்தோம்.
அது நெல்லுக்கு மட்டும்தான் வாய் திறக்கும்.
பதினேழுக்கு மேல்தான் இருக்கும், சந்தேகமில்லை;
எடுத்திருக்க மாட்டோம்.

பென்சில் ஈரத்தில் வெளுப்பாய் விழும்.
அழுத்தினால் கிழிக்கும்.
அழுத்தாத கை வருவதற்கு ஒரு வாரம் ஆனது.
எழுதும்போது ஒரு சத்தம் வரும்,
நெல் சலிக்கும் சத்தத்தின் தம்பி மாதிரி.
முனை மழுங்கிப் பிளேடால் சீவுகையில்
அதுவரை வராத சொல்
சீவல் விழுந்த இடத்தில் வந்து உட்காரும்.
பெருக்குகிற மாரிக்கொழுந்து
சீவலை மட்டும் உமியோடு தள்ளிப்போவாள்.
நாள் முழுக்க அடுத்தவர் விளைச்சலை எண்ணும் கைக்கு
இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று.
யாருக்கும் இருப்பு அனுப்ப வேண்டாம்.

வைரக்கண்ணு மூன்று இரவாகக் குவியலோடு கிடந்தார்.
நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான்காம் நாள் எழுந்து வந்தார்.
"டோக்கன் வரிசையை மாத்துறியாம்மா?
பார்த்தேன். ரப்பர் போட்டு அழிச்சே."
இல்லை என்றேன்.
நம்பவில்லை.
நோட்டை நீட்டினேன்.
கண்ணாடி இல்லை, நீயே படி என்றார்.
படித்தேன், சுற்றிலும் ஆறேழு பேர்:

'அவருடைய நாய் தார்ப்பாயின் மேல் படுத்திருந்தது.
மழை வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும்.'

வெகுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.
"நாய் என்னுது இல்ல," என்றார் பிறகு.
"போன வருஷம் நெல்லு போட வந்தவன்
விட்டுட்டுப் போனது. கோட்டூர்ப் பக்கத்து ஆளு."

'அவருடைய' என்பதை அழித்தேன்.
அழித்த இடம் கறுத்து, மெலிந்து கிடந்தது.
அதன்மேல் 'யாரோ விட்டுப்போன' என்று எழுத
வரி நீண்டு ஓரக்கோட்டைத் தாண்டிற்று.
"இப்ப சரி," என்றார்,
தன் எண்ணை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டு.
பதினான்கு.

சாக்குக் கட்டு உறுமியது.
ஒன்று.