நூற்றுக்கு எத்தனை

என் சோலி எண்ணுவது.
தட்டுக்கு நூறு விதை.
ஓட்டை விழுந்தது இந்தப் பக்கம்,
விழாதது அந்தப் பக்கம்.
சேரன்மகாதேவியில் ஒரு வாடகைக் கட்டடம்,
இரண்டு மேஜை, ஒரு லென்சு,
நாளொன்றுக்கு நானூற்றைம்பது ரூபாய்.

துரைமிளகு என்போம் அந்த மரத்தை.
எந்தத் துரை, யாருக்கும் தெரியாது.
பங்களா வாசலுக்கு அழகுக்கு வைத்ததைச்
சின்னான் குருவி தின்று
கன்னடியன் கால்வாய் நெடுக எச்சமிட்டு
ஒரு மருதங்கன்று தலைதூக்க இடமில்லாமல்
கரை பூராவும் செக்கச்செவேல்.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம்.
கொட்டாது. எறும்பில் பாதி.
வாலில் மயிரிழை ஊசி.
பச்சை விதையைத் தடவித் தடவி
நடுநெஞ்சு பார்த்து ஒரு முட்டை.
கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பார்கள்;
இந்தப் புழு, இருந்த வீட்டைத் தின்றே குளவியாகிறது.
போகும்போது விட்டுப்போகும் வட்டம்
காதுகுத்தின துளை போல அத்தனை சுத்தம்.

கடல் தாண்டிப் பார்சலில் வந்தவை.
முதல் எட்டு மாதம் வலைக்கூண்டுக்குள்தான்.
மாம்பிஞ்சு வைத்தோம், முந்திரி வைத்தோம்,
ஒதிய மரத்துக் காய், சேராங்கொட்டை.
எல்லாம் துரைமிளகுக்கு மாமன் மச்சான் முறை
என்றார் டாக்டர் அருள்மேரி.
குளவி மாம்பிஞ்சின் மேல் நடந்தது,
நின்றது,
ஊசியை இறக்கவில்லை.
மூன்றாம் நாள் அதன் மேலேயே செத்துக் கிடந்தது.
"நல்லது" என்று எழுதிக்கொண்டார்.
முப்பிடாதி என் காதில் மட்டும் சொன்னாள்:
"பட்டினி கெடந்து செத்தத நல்லதுங்காவ பாரு."

திறந்துவிட்ட அன்று கரையில் போர்டு வைத்தார்கள்:
ஆக்கிரமிப்பு மரம்.
அதே வாரம்
வாய்க்கால் புறம்போக்கில் எங்கள் வரிசைக் கதவுகளில்
ஒட்டிப்போன தாளிலும் அந்தச் சொல் இருந்தது.
இரண்டையும் வாசித்தேன்.
வேலைக்கு நேரமாகிவிட்டது.

மரத்தை யாரும் வெட்டவில்லை.
அது பாட்டுக்குப் பூக்கும், பழுக்கும்,
சின்னான் வரும், தின்னும், எச்சமிடும்,
எச்சத்திலிருந்து எதுவும் எழுந்திருக்காது.
திட்டம் அதுதான்.

இரண்டாவது மார்கழி: நூற்றுக்கு அறுபத்தொன்று.
அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை
என்று ஏச்சாகத்தான் கேட்டிருக்கிறேன்.
இங்கே சொத்தைக்குக் கைதட்டினார்கள்.
எனக்கும் ஒரு டீ வந்தது.

சாயங்காலம் அருள்மேரி அம்மா
சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.
"ஒரு கொத்து கிடைக்குமா, கிறிஸ்துமஸுக்கு?
பாளையங்கோட்டையில் சின்னப் பிள்ளையில
வாசல் நிறைய இதைத்தான் கட்டுவோம்."

கரைக்குப் போய்
நல்ல சிவப்பாய்ப் பார்த்து ஒடித்தேன்.
தினத்தாளில் சுற்றுமுன், பழக்கதோஷம்,
பத்துப் பழம் நசுக்கிப் பார்த்தேன்.
நாலில் ஓட்டை இல்லை.

கொத்தைக் கொடுத்தேன்.
கணக்கைச் சொல்லவில்லை.