சிவப்பு வரவேண்டும்

பொத்தொசி. இரவு மூன்று மணி.
வார்டு ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
அந்தப் பக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு
என் முதுகைக் குளிருக்குக் கொடுத்தேன்.

பிறந்து ஒரு பகல் கழிந்திருக்கிறது.
பெயர் இல்லை. கணுக்கால் பட்டையில்
தாயின் பெயர் மட்டும்: எவரிஸ்தா சோக்கே.

கைகால் நீலம். இருக்கட்டும்.
உதடும் நாக்கும் சிவப்பு, அதுதான் கணக்கு.
ஆக்சிஜன் எண்பத்தேழு.
சாந்தா குரூஸ் வெயிலில் நான் படித்த புத்தகம்
இதற்கு அலறும்.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
இந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
வந்த புதிதில் நானும் அலறியிருக்கிறேன்,
ஒன்றுமே இல்லாத ஒருவன் மூக்கில்
குழாய் செருகியிருக்கிறேன்.

மண்டை கூம்பியிருக்கிறது. வந்த வழி அப்படி.
வீக்கம் எலும்பின் தையலைத் தாண்டி வழிகிறது:
வெறும் நீர், வடிந்துவிடும்.
தாண்டாமல் நின்றிருந்தால் ரத்தம், அது வேறு பேச்சு.
மூக்கின்மேல் கினோவா சிந்தியதுபோல் வெண்புள்ளிகள்.
புட்டத்தில் கன்றிப்போன நீலம்.
யாரும் அடித்ததல்ல,
ஆனாலும் எழுதிவைக்கவேண்டும்,
பின்னால் எவனாவது கேட்பான்.

தொடையை மடக்கி விரித்தேன்.
'டிக்' என்றது. 'தடக்' என்றால்தான் பயம்.
தொடை இடுக்கில் விரல் வைத்துக் காத்திருந்தேன்,
கடைசி பஸ் வருமா என்பதுபோல.
வந்தது. சன்னமாக, ஆனால் வந்தது.
தலையைத் தாங்கிய கையைச் சற்றே தாழ்த்தினேன்.
இரு கையும் விரித்து
இல்லாத யாரையோ கட்டிக்கொண்டு
அப்புறம்தான் அழுதாள், முறையாக.

இயல்பு, இயல்பு, இயல்பு.
குளிரில் மை இறங்கவில்லை,
பேனாவை வாயால் ஊதி ஊதி எழுதினேன்.

"விளக்கை அணை, பெலிசா."

வலது கண்ணில் ஒளியை விட்டேன்.
உள்ளிருந்து தணல் எட்டிப் பார்த்தது,
சாம்பலை விலக்கினாற்போல்.

இடது கண்.

கருவியைத் துடைத்தேன்.
இடது கண்.

சத்தூர்னினோ, தகப்பன்,
சுரங்கத்திலிருந்து நேராக வந்தவன்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
என் தோளுக்குமேல் குனிந்தான்.
இருட்டில் பார்க்கத் தெரிந்த கண்கள்.
"வெள்ளை" என்றான்.
சிரித்தும்விட்டான்.
"மலைக்குள்ளே வெள்ளை மின்னினால்
அன்றைக்கு எல்லோருக்கும் பீர், டாக்டர்."

அந்தச் சிரிப்பை
நான்தான் திருப்பி வாங்கவேண்டியிருந்தது.

சொன்னேன். பிறவிப் புரையாக இருக்கலாம்,
வேறாகவும் இருக்கலாம், சூக்ரேயில் பார்ப்பார்கள்.
வாரக் கணக்கில்தான் நேரம், மாதக் கணக்கில் இல்லை.
ஒளி போகாத கண்ணை
மூளை மெல்ல மறந்துவிடும்,
அப்புறம் கதவைத் திறந்தும் பயனில்லை.
என்னென்னவோ சொன்னேன்,
ஸ்பானிஷில் பாதி, பெலிசாவின் கெச்சுவாவில் பாதி.
இரண்டு மொழியிலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

எவரிஸ்தாதான் கேட்டாள், படுத்தபடியே:
"பால் கொடுக்கலாமா?"
"கொடுங்கள்."
"இரண்டு பக்கமுமா?"
"இரண்டு பக்கமும்."

படிவத்தில் 'கண்கள்' என்று ஒரே கட்டம்.
யாரோ ஒருவர், கண்கள் எப்போதும்
ஜோடியாகத்தான் நடக்கும் என்று நினைத்தவர்,
அச்சடித்திருக்கிறார்.
நடுவே கோடு கிழித்தேன். மை வந்தது.

பெலிசா சுவிட்சில் கை வைத்திருந்தாள்.
"போடவா?"
"கொஞ்சம் பொறு."
சத்தூர்னினோ ஹெல்மெட்டைக் கழற்றி
அணைந்த விளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
ஆறரைக்கு முதல் பஸ்ஸா, ஏழுக்கா என்றான்.

தெரியவில்லை.
அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.