சுண்ணம் நீங்கப் பன்னிரண்டு நாள்

பெர்கனுக்கு வடக்கே கரையொதுங்கிய மிங்க் திமிங்கிலம்.
நாற்றம் தாங்காமல் நகராட்சிக்கு
மூன்று கடிதம் எழுதினார் ஓட்வார்.
விலாவெலும்புகளைச் சங்கிலியில் கட்டி
ஃபியோர்டில் நூற்றிருபது மீட்டர் இறக்கினோம்.
கரையில் நின்று கையசைத்தார்,
விட்டது சனியன் என்பதுபோல்.

பதினோரு மாதம் கழித்துத் தூக்கியபோது
எலும்பில் செம்மயிர் முளைத்திருந்தது.
கிட்டே போனால் புழு.
வாயில்லை. வயிறில்லை.
வேர் உண்டு, பச்சை வேர்,
அமிலம் கசியவிட்டு எலும்புக்குள் இறங்கும் வேர்.
அந்த வேரில் பாக்டீரியாக்கள் குடியிருந்து
சோற்றுக்கு வழி செய்கின்றன
என்கிறது எங்கள் திட்ட அறிக்கை.
காட்டு என்கிறது காசு கொடுத்த வாரியம்.

காட்டுவது என் வேலை.

ஃபார்மலினில் ஓர் இரவு.
பிறகு ஈடிடிஏ, பி.எச். ஏழு புள்ளி நான்கு,
மூன்று நாளுக்கொருமுறை புதிது ஊற்றணும்.
அவசரக்காரர்கள் அமிலத்தில் போடுவார்கள்;
இரண்டே நாளில் எலும்பு இளகும்,
நாம் தேடுகிற ஆர்.என்.ஏ.வும் கூடவே போய்விடும்.
ஈடிடிஏ பொறுமைசாலி.
ஒவ்வொரு கால்சியமாய்க் கைபிடித்து
வெளியே கூட்டிப்போகும்.
பன்னிரண்டாம் நாள் ஊசியால் குத்துவேன்.
பாலாடைக்கட்டிக்குள் போவதுபோல் போனால் சரி.

ஏழாம் நாள் பனியில் வழுக்கினேன்.
இடது மணிக்கட்டு.
படத்தைப் பார்த்த மருத்துவர்
முறிவைப் பற்றி அதிகம் பேசவில்லை.
ஐம்பத்திரண்டு வயதுக்கு
இது மெல்லிய எலும்பு என்றார்.
இப்போது என் மேலங்கிப் பையில்
அவர் தந்த கால்சியம் மாத்திரை.
எதிரே மேசையில் கால்சியத்தைக் கறக்கும் புட்டி.
ஆய்வகத்தில் எதையும் வாயில் போடக் கூடாது.
ஒரு மாத்திரைக்காகத்
தாழ்வாரக் கடைசி வரை நடக்கிறேன்.

பக்கத்து மேசை சுன்னிவாவுடையது.
எலி மஜ்ஜையிலிருந்து
எலும்பைத் தின்னும் செல்களை வளர்க்கிறாள்,
மாட்டெலும்புச் சீவல்மேல், முப்பத்தேழு டிகிரியில்.
பார்க்கிறாயா என்று நாற்காலியை நகர்த்தினாள்.
அப்பம்போல் பரந்த செல், உள்ளே ஏழெட்டு உட்கரு.
விளிம்பை எலும்போடு ஒட்டி அடைத்துக்கொண்டு
அடியில் அமிலம் சுரக்கிறது.
புழுவின் வேர் செய்கிற அதே வேலை.

"உனக்குள்ளேயும் இப்ப இதுதான் நடக்குது."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.
"எல்லாருக்குள்ளேயும்தான்.
பின்னாடியே கட்டுகிற செல்லும் வந்துடும்."
வரும்.
என்னிடம் கொஞ்சம் பிந்தி வருகிறது, அவ்வளவே.

பன்னிரண்டாம் நாள். மெழுகு. மைக்ரோடோம்.
நல்ல கை சக்கரத்தில்,
கட்டுக்கு வெளியே நீட்டிய இரண்டு விரலில் தூரிகை.
ஐந்து மைக்ரான் தடிமனில்
நாடாவாய் நகர்ந்து வந்தது
கடலைப் பார்த்த எலும்பு.

இருட்டறை.
நீலத்தில் புழுவின் உட்கருக்கள்.
பாக்டீரியாவைக் காட்ட வேண்டியது பச்சை.
பச்சை!
வேரெங்கும், கிளையெங்கும்.
நான் போட்ட சத்தத்தில் சுன்னிவா ஓடிவந்தாள்.
பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:
"ஒப்பீட்டுச் சில்லு?"

எதிலும் ஒட்டாத சாயம் போட்ட சில்லு அது.
இருண்டிருக்க வேண்டும்.
அதுவும் பச்சை. அதே பச்சை.
எலும்பும் வேரும் தாமே ஒளிர்ந்துகொண்டிருந்தன,
யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லாமல்.

கொஞ்ச நேரம் விளக்கைப் போடவில்லை இருவரும்.

இந்தப் புழுவின் குஞ்சு
ஒரு பாக்டீரியாவும் இல்லாமல்தான் கடலில் இறங்குகிறதாம்.
தாய் எதையும் கட்டிக் கொடுப்பதில்லை.
எலும்பைக் கண்டுபிடிக்க வேண்டும்,
அங்கே தனக்கு உரியதையும் கண்டுபிடிக்க வேண்டும்,
அந்தக் கருந்தண்ணீரில்.
எத்தனை குஞ்சுக்குக் கிடைக்கிறதென்று யாரும் எண்ணியதில்லை.

அடுத்தமுறை தொலைசிவப்புச் சாயம் என்றாள் சுன்னிவா.
உறைபெட்டியில் இன்னும் இரண்டு விலாத்துண்டு இருந்தது.
சிறியதை எடுத்தேன்.
மறுநாள் ஈடிடிஏ கரைத்து, பி.எச். பார்த்து,
புட்டியில் தேதி எழுதினேன்:
முதல் நாள்.

பிறகு தாழ்வாரக் கடைசி வரை நடந்தேன்,
தண்ணீரோடு.