பூச்சு ஏறாத இடம்

ராணிப்பேட்டை சிப்காட்.
தொட்டியில் நானூற்று ஐம்பது டிகிரி.
வெளியே மே மாதம். பெரிய வித்தியாசம் இல்லை
என்பான் தஸ்தகீர்,
துத்தநாகத்தின் மேல் படியும் சாம்பலைக்
கரண்டியால் ஒதுக்கியபடி.

அவன் அவசரமாய் ஒதுக்கிய நாட்கள்
மறுநாள் எனக்குத் தெரிந்துவிடும்.
ஆங்கிளின் முதுகில் கறுப்புத் துணுக்குகள்,
பால் பொங்கிய பாத்திர விளிம்பாய்.
அடியில் கிடந்த கசடைக்
கிரேன் சங்கிலி கலக்கிவிட்டால்
தடவும் விரலுக்கு வேர்க்குரு தட்டுப்படும்.

மங்கலாக வருவதற்கு நாங்கள் பொறுப்பில்லை.
இரும்பிலேயே சிலிக்கான் அதிகம், பிறவிக் குணம்.
பூச்சு தடிமனாகத்தான் ஏறும், மினுக்காது.
"பழசத் தலையில கட்டறீங்களா?"
என்கிறார் வாங்குகிறவர்.

வெள்ளைத் துரு எங்கள் தப்பு.
ஐப்பசியில் லாரிக்குக் காத்திருக்கையில்
இடையில் ஒரு கட்டைகூட வைக்காமல்
ஈரத்தோடு அடுக்கிவிட்டோம்.
வெள்ளியாய் அனுப்பியது
திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்தது.

இன்று வந்தது இது எதிலும் சேரவில்லை.

மின்கோபுரத்தின் கால், எண் ஏ-பதினேழு.
முழுக்கப் பளபளப்பு. நடுவில் மட்டும்
விரல் உயரத்தில் ஐந்து கறுப்பு எழுத்து:
தமயந்தி.

வாலாஜா பட்டறையில் எவனோ
எண் போட வேண்டிய இடத்தில்
ஆயில் பெயிண்டால் எழுதியிருக்கிறான்.
அமிலம் துருவைத் தின்னும், பெயிண்டைத் தின்னாது.
உருகிய துத்தநாகம் சுற்றிலும் ஏறி
எழுத்தை மட்டும் தொடாமல் நின்றிருக்கிறது.
எழுதியபோது
இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார்.
"பேருதானே கீது, இத்தப் போயி தள்றியே மேடம்."
துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும் என்றேன்.

படிவத்தில்,
குறை: பூச்சு இல்லை.
காரணம்:
காதலியா, மகளா, செத்துப்போன தங்கையா?
பெயிண்ட்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உப்புத்தாளில் தேய்த்தோம். பெயிண்ட் போனது,
பள்ளம் போகவில்லை.
துத்தநாகப் பெயிண்டை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு
ஒவ்வொரு எழுத்தாக நானே நிரப்பினேன்.
'ய'வின் வளைவில் கை நடுங்கியது.
"இப்ப நீதான் எழுதற" என்று சிரித்தார் முனிரத்தினம்.

சாய்த்துப் பார்த்தால் இன்னும் வாசிக்கலாம்,
கொஞ்சம் வேறு சாம்பலில்.

பொன்னை ஆற்றுக்கு அப்பால் எங்கோ நடுவார்கள்.
வரைபடத்தைப் பார்த்தேன்:
பெயரைச் சுற்றி நான்கு துளைகள்.
மண்டையோடு போட்ட அபாயப் பலகை
சரியாக அங்கேதான் வருகிறது.