ஏணி

வேல்ஸ் மலைச்சரிவில் பென்ரிவ் தொகுதி.
ஐந்து தேர்தலிலும் நின்றார் இட்வல் புரோசர்;
நான்கில் டெபாசிட் போனது.

ஐந்தாவதில், ஆஸ்பத்திரியை மூடிய கோபம்
ஓட்டாய் விழுந்தது.
பள்ளியின் பூப்பந்துக் கூடத்தில்
விடியும்வரை மூன்று தடவை எண்ணினோம்:
ஒன்று குறைந்தது.

என் மேசையில் செல்லாதவை பதினேழு.
ஒன்றில்
அவர் பெயருக்கு நேரே அழுத்தமான பெருக்கல் குறி,
அடியில் பென்சிலில்:
"தட்டி கட்ட வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடு, இட்வல்.
டெக்வென் ரோஸர்."

ஆள் தெரிந்தால் செல்லாது என்றார் அதிகாரி,
கொட்டாவியை மறைத்து.
செல்லுபடியாகியிருந்தால் சமம்;
சீட்டுக் குலுக்கியிருப்போம்.

அடுத்த தேர்தலுக்குள்
எல்லைக்கோட்டை நகர்த்தினார்கள்.
பென்ரிவ் என்றொரு தொகுதியே இல்லை.
அவள் வீடு
இக்கரைத் தொகுதியில்,
அவர் கொட்டகை அக்கரையில்.

ஏணி
இன்னும் அங்கேதான்.