முதல் அழுத்திலேயே

விளம்பரம் போட்டதே ஸ்லாவ்காவின் நச்சரிப்புக்காக.
இரண்டாயிரத்து அறுநூறு யூரோ கேள் என்றாள் அக்கா.
மூவாயிரத்து நூறு என்று எழுதினேன்.
தொலைபேசியில் ஒருவன்,
"உங்கள் கணவரிடம் பேசலாமா?" என்றான்.
அன்றிரவே மூவாயிரத்து நானூறு ஆக்கினேன்.

தொண்ணூற்றைந்தாம் வருடத்துச் சுசுகி.
எழுநூற்றைம்பது சிசி. நீலமும் வெள்ளையும்.
வெள்ளை இப்போது
தேநீர்க் கோப்பையின் உட்புறம் மாதிரி.
அறுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்,
அதில் பதினொன்று மட்டும் என்னுடையதல்ல:
முதல் சொந்தக்காரன்
கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிப்போய்
மனைவி பார்த்த பார்வையில்
அப்படியே திருப்பி ஓட்டிவந்த தூரம்.

யெசெனிட்ஸே உருக்காலையில் ஆட்குறைப்பு அப்போது.
கணக்கு முடித்துக் கொடுத்த பணம் மொத்தமும் இதற்கே போனது.
அங்கே கையெழுத்திட்ட பேனாவாலேயே
இங்கேயும் போட்டேன்.

விர்ஷிச் கணவாயில் ஐம்பது கொண்டையூசி வளைவு.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு,
எத்தனை மீட்டர் உயரமென்றும் எழுதியிருக்கும்.
வடக்குப் பக்க வளைவுகளில் கல் பாவியிருப்பார்கள்;
மழை பெய்தால் சோப்பு.
இருபத்துமூன்றில் ஒருமுறை விழுந்தேன்.
வண்டியின் இடப்பக்கக் கவசத்தில் அந்தக் கீறல்,
அதன் தொடர்ச்சி
என் முழங்காலில்.

இப்போது மணிக்கட்டு மரத்துப்போகிறது.
தாழ்ந்த ஹேண்டில்பார்; உடம்பின் பாரமெல்லாம்
உள்ளங்கையில் வந்து உட்காரும்.
மருத்துவர் எலும்பின் படமொன்றைக் காட்டினார்.
போன கோடையில் மூன்று தடவைதான் எடுத்தேன்.
மூன்றாவது, பெட்ரோல் பங்கு வரைக்கும்.

சனிக்கிழமை காஷ்பெர் வந்தான்,
க்ரானிலிருந்து ரயிலில், கையில் தலைக்கவசத்தோடு.
இருபத்தாறு வயதிருக்கும்.
விரல்களைத் துடைத்துவிட்டுத்தான் டேங்கைத் தொட்டான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.
முரடனாக இருந்தால்
துரத்தியிருக்கலாம்.

குறைகளைச் சொன்னேன், கேட்காமலே.
மூன்றாவது கார்புரேட்டர் கசியும்.
இரண்டாம் கியர் சில நேரம் நழுவும்.
குளிரில் கிளம்பாது; சோக்கை இழுத்து,
காத்திருந்து, திட்டி, மறுபடி இழுத்து,
கால்மணி நேரம் ஆகும்.
வேண்டுமென்றே எஞ்சினைச் சூடாக்காமல் வைத்திருந்தேன்.
நேர்மை என்று நினைத்தான் அவன்.

பொத்தானைத் தொட்டான்.
முதல் அழுத்திலேயே
பிடித்துக்கொண்டது, துரோகி.
இருபத்தெட்டு வருடத்தில் எந்த நவம்பரிலும்
எனக்கு அப்படிக் கிளம்பியதில்லை.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்
சுருதி பிசகாமல் பாடுகிறது.

எண்ணி நீட்டினான். முழுத் தொகை. பேரமில்லை.
"பதிவுப் புத்தகம்?"
என் ஜாக்கெட்டின் உள்பையில் இருந்தது,
அதன் மூலை விலாவில் குத்தியது.
காணவில்லை என்றேன்.
தேட வேண்டும் என்றேன்.
வீடு மாற்றியபோது எங்கேயோ, என்றேன்.
நான் வீடு மாற்றியதே இல்லை.

என்னைப் பார்த்தான்.
ஜாக்கெட்டைப் பார்த்தான்.
நோட்டுகளை மடித்து வைத்துக்கொண்டு
"கிடைத்தால் சொல்லுங்கள்" என்றான்.
பாவம், தலைக்கவசம் வேறு சுமந்து வந்திருந்தான்.
ரயிலுக்கென்று இருபது யூரோவைத் திணித்தேன்;
வாங்கவில்லை.
சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது
என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இரவு ஸ்லாவ்கா அழைத்தாள்.
பையன் சரியில்லை என்றேன்.

இன்று ஞாயிறு. மேலே பனி,
கணவாயை மூடிவிட்டார்கள்.
கராஜில் குந்தியிருந்து
சங்கிலியை விரலால் தூக்கிப் பார்த்தேன்.
தளர்வுதான். அரை விரற்கடை.
ஸ்பானரைத் திருகியதும் மணிக்கட்டில் சுரீரென்றது.
இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.